1613 லாரி இஞ்சினை வீட்டுக் களத்திலேயே மாற்றலாமா?

வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது இது. அப்பா ஓட்டிய மூக்கு வைத்த டாடா எஸ்இ 1613, ஆறு சக்கர வண்டி, கம்மின்ஸ் 6பிடி இஞ்சின். கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) உடைந்து பிளாக்கின் பக்கவாட்டில் ஓட்டை போட்டுவிட்டது. பட்டறைக் கூலியும் காத்திருக்கும் நாட்களும் கட்டுப்படியாகவில்லை. செகண்ட்ஹேண்ட் இஞ்சின் ஒன்றை வாங்கி, வீட்டுக் கொப்பரைக் களத்தில், சித்தப்பா மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு தானே மாற்ற முடியுமா? டிராக்டரில் ஓரளவு வேலை செய்த பழக்கம் உண்டாம்.

முடியும் தம்பி. சங்ககிரியில் முப்பது வருடத்துக்கு மேல் லாரி வேலை பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். நல்ல பட்டறைகளே பலவும் தகரக் கொட்டகையும் மண் தரையுமாகத்தான் ஆரம்பித்தன. ஆனால் உங்கள் கேள்வியைப் படித்தால், இஞ்சினைக் கழற்றி வெளியே எடுப்பதுதான் பெரிய வேலை என்று நினைத்துத் தயாராவது போலத் தெரிகிறது. கழற்றுவது ஒரு நாள் வேலை. இந்த வேலையில் பணம் தொலைவதும் கை கால் போவதும் வேறு இடங்களில். தப்பான இஞ்சினை வாங்குவதில், அதைத் தொங்கவிடும் விதத்தில், திரும்ப கியர்பாக்ஸோடு சேர்க்கும்போது. அதனால் ஸ்பேனர் எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியதிலிருந்தே சொல்லி வருகிறேன்.

முதலில் ராடு ஏன் உடைந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாமல் புது இஞ்சின் மாட்டினால், பழைய இஞ்சினைக் கொன்ற காரணம் புதியதற்காக வண்டியிலேயே காத்திருக்கும். ஆயில் குறைந்தோ ஆயில் பம்ப் தேய்ந்தோ பேரிங் பிடித்திருக்கலாம். திம்பம் மாதிரி மலைப்பாதையில் இறங்கும்போது தப்பான கியர் விழுந்து இஞ்சின் தன் அளவுக்கு மேல் சுற்றியிருக்கலாம். ஹெட் பேக்கிங் போய் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கி, பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் அமுங்காமல் ராடு வளைந்து, வளைந்த ராடு சில நாள் ஓடி அப்புறம் உடைந்திருக்கலாம். இந்தக் கடைசிக் காரணத்தை நம் பக்கம் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். காரணம் ரேடியேட்டரில் ஊற்றும் தண்ணீர். வெள்ளகோவில், காங்கேயம், தாராபுரம் பக்கம் ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றுப் போரில் வரும் உப்புத் தண்ணீரை அப்படியே ஊற்றுகிறோம். உப்பு சுண்ணாம்பு மாதிரி டியூபில் படிகிறது. வெளியே பார்த்தால் ரேடியேட்டர் நன்றாக இருக்கும், உள்ளே பாதி டியூப் அடைந்திருக்கும். இஞ்சின் சூடேறி ஹெட் வளையும்.

அதனால் இஞ்சின் வெளியே இருக்கும் நாட்களிலேயே ரேடியேட்டரைக் கழற்றிக் கடையில் கொடுத்து, டேங்க் திறந்து டியூபுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்து வாங்குங்கள். திரும்ப நிரப்பும்போது கூலண்ட் கலவைதான், போர் தண்ணீர் வேண்டாம். ஆயில் கூலரைப் பழைய இஞ்சினிலிருந்து எடுத்துப் புதியதில் போடாதீர்கள். ராடு உடைந்த இஞ்சினின் ஆயில் போன வழியெல்லாம் பேரிங் துகள் போயிருக்கும். கூலரின் இடுக்கில் ஒளிந்த துகளை எந்த டீசலில் கழுவினாலும் முழுதாக எடுக்க முடியாது. டர்போவுக்கும் இதே கதைதான். இன்டர்கூலர் குழாயைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பாருங்கள், ஆயிலும் துகளும் இருந்தால் இன்டர்கூலரையும் கழுவியே ஆக வேண்டும்.

அடுத்தது இஞ்சின் வாங்குவது. 6பிடி என்றால் ஆறு சிலிண்டர், 102 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 120 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 5.9 லிட்டர். பழைய டாடா 697இல் (அந்தப் பெயரே ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர் என்பதுதான்) வேலை செய்த மேஸ்திரிகள் 6பிடிக்கு வரும்போது ஒன்றை மறந்துவிடுவார்கள்: இதில் கழற்றிப் போடும் லைனர் (சிலிண்டருக்குள் செருகும் தனிக் குழாய்) கிடையாது. பிளாக்கிலேயே போர். தேய்ந்தால் லேத்துக் கடையில் ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன்தான் போட வேண்டும். எனவே செகண்ட்ஹேண்ட் வாங்கும்போது ஏற்கனவே எத்தனை முறை போர் அடித்தது என்று கேளுங்கள். கடைசி அளவு வரை போர் அடித்த பிளாக்கை வாங்கினால், அடுத்த முறை தேயும்போது சிலிண்டருக்கு ஸ்லீவ் அடிக்க வேண்டிய நிலை வரும்.

முடிந்தவரை ஓடும் இஞ்சினையே வாங்குங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷன் (பிஸ்டனைத் தாண்டி கீழே கசியும் காற்று) எவ்வளவு அடிக்கிறது என்று பாருங்கள். கொஞ்சம் புகை வருவது சகஜம், ஊதி மூடியைத் தள்ளினால் விட்டுவிடுங்கள். அணைத்த பிறகு ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, பால் கலந்த காபி நிறத்தில் நுரை இருக்கிறதா பாருங்கள், இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. முன் புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்கள். கிராங்க் கொஞ்சம் அசையத்தான் செய்யும், அந்த எண்ட் பிளே 0.10இலிருந்து 0.43 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். டயல் கேஜ் வைத்தே பாருங்கள். இல்லாவிட்டாலும் கண்ணுக்கே டக் டக்கென்று போய் வருவது தெரிந்தால் திரஸ்ட் பேரிங் முடிந்தது என்று அர்த்தம்.

இப்போது நம் ஊருக்கே உரிய ஒரு ஆபத்து. 2012ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் நூல் மில், தறிக்கூடம், சாயப்பட்டறை என்று எல்லோரும் ஜெனரேட்டர் வாங்கினார்கள். அந்த ஜெனரேட்டர்களில் 6பிடி இஞ்சின் நிறைய உண்டு. இப்போது அவை பழைய இரும்புக் கடைகளுக்கு வருகின்றன. குறைந்த மணி நேரமே ஓடியிருக்கும், பெயிண்ட் கூடப் போயிருக்காது, விலையும் குறைவு. பார்த்தவுடன் ஆசை வரும். ஆனால் ஜெனரேட்டர் இஞ்சின் 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்காக நிமிடத்துக்கு 1500 சுற்றில் நிலையாக ஓடும்படி பம்பும் கவர்னரும் வைத்த இஞ்சின். லாரிக்கு அதற்கு மேலும் வேண்டும், கீழும் வேண்டும், ஆக்சிலேட்டருக்கு ஏற்ப மாறவும் வேண்டும். அதில் பிரேக்குக்கான ஏர் கம்ப்ரஸர் இருக்காது. ஃப்ளைவீல் ஹவுசிங், சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி), மவுண்டிங் எல்லாம் வேறாக இருக்கலாம். உங்கள் பழைய இஞ்சினின் பம்ப், கம்ப்ரஸர், ஹவுசிங், சம்ப் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டு ஓடவைத்தவர்கள் உண்டு. ஆனால் அப்போது நீங்கள் செய்வது இஞ்சின் மாற்றும் வேலை அல்ல, இஞ்சின் கட்டும் வேலை. களத்தில் முதல் முறை செய்பவருக்கு வேண்டாம். அதோடு ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்றிதழில்) ஏற்றுவதிலும் சிக்கல் வரும்.

ஆர்சி பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். இஞ்சின் எண் ஆர்சியில் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரம் மாறும்படி வண்டியில் எதைச் செய்தாலும் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். பத்து வண்டிக்குக் குறையாமல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும், அதே கம்பெனி, அதே வகை இஞ்சினை முன் ஒப்புதல் இல்லாமல் மாற்றிக்கொள்ள மாநில அரசு அனுமதி கொடுக்கலாம் என்று அதே பிரிவில் ஒரு வழி இருக்கிறது. அவர்களும் 14 நாளுக்குள் ஆர்சியோடு தகவல் கொடுத்து எண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒற்றை வண்டிக்காரரான நமக்கு அது பொருந்தாது. முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்து, அவர்கள் கேட்கும் படிவம், ரசீது எல்லாம் தெரிந்துகொண்ட பிறகு இஞ்சினுக்கு முன்பணம் கொடுங்கள். வண்டி மேல் ஃபைனான்ஸ் இருந்தால் அவர்களிடமும் எழுத்தில் வாங்குங்கள்.

எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி (தகுதிச் சான்று). அங்கே சேசிஸ் எண்ணோடு இஞ்சின் எண்ணையும் பார்ப்பார்கள். விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தாலும் அதையே பார்ப்பார். எண் பொருந்தாவிட்டால் இன்சூரன்ஸ் பணம் வாங்குவதில் சிக்கல் வரலாம். எண் தேய்ந்த, கிரைண்டர் வைத்த, புதிதாக அடித்தது போல் தெரியும் பிளாக் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். எந்த வண்டியிலிருந்து இறக்கியது, அந்த வண்டியின் ஆர்சி ரத்தான காகிதம் எங்கே, விற்றவரின் பில் எங்கே என்று கேளுங்கள். ஒழுங்கான வியாபாரி கோபப்பட மாட்டார்.

இனி இடம். கொப்பரைக் களம் சிமெண்ட் தளம் என்பது உங்களுக்குப் பெரிய பலம். ஆனால் உலர்களத்துக்கு ஊற்றும் கான்கிரீட் தேங்காயைத் தாங்கத்தான், ஜாக்கியைத் தாங்க அல்ல. அடியில் மண் இறங்கிய இடத்தில் ஜாக்கி வைத்தால் தளம் சில்லு விட்டு உடையும். ஜாக்கி, ஸ்டாண்டு எதை வைத்தாலும் அடியில் அரை அங்குல இரும்புத் தகடோ, பழைய பாடிப் பலகையோ போட்டு எடையைப் பரப்புங்கள். களத்துக்குத் தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்திருப்பார்கள், அதையும் கவனியுங்கள். இஞ்சின் போன பிறகு வண்டியில் காற்று ஏற்ற ஆளில்லை, டேங்கில் இருக்கும் காற்றும் இறங்கிவிடும். எனவே பிரேக்கை நம்பாமல் பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் ஆப்புக் கட்டை அடித்துவிட வேண்டும். உருண்டைக் கல் வைக்காதீர்கள், சக்கரம் அதன் மேல் ஏறிவிடும்.

நேரமும் முக்கியம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை ஆடியில் தாராபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் ஹெட்டைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். அரை மணியில் போரெல்லாம் செம்மண் பொடி. துடைத்துத்தான் மூடினோம், ஆனால் அந்த இஞ்சின் ஒரு வருடத்திலேயே ஆயில் குடிக்க ஆரம்பித்தது. அது என் கையால் நடந்த தவறு, இன்றும் உறுத்தும். காற்று மாதத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். எந்த மாதமானாலும் திறந்த குழாய் வாய், டர்போ வாய், டீசல் பைப் முனை எல்லாவற்றையும் உடனே மூடுங்கள். மூடத் துணி அடைத்தால் துணியின் வால் வெளியே தொங்கட்டும், எத்தனை துணி அடைத்தீர்கள் என்று சுவரில் கரியால் எழுதி வையுங்கள். திரும்பப் பூட்டும்போது அத்தனையும் கைக்கு வந்தாக வேண்டும்.

தூக்குவதற்கு வருகிறேன். 6பிடி இஞ்சின் கிட்டத்தட்ட 450 கிலோ. கியர்பாக்ஸோடு சேர்த்து எடுத்தால் அரை டன்னைத் தாண்டும். களத்து ஓரத்தில் வேப்பமரமோ புளியமரமோ இருக்கும், கிளையில் செயின் பிளாக் மாட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம் தம்பி. கிளை எவ்வளவு தாங்கும் என்று மரத்துக்கு வெளியே நின்று யாராலும் சொல்ல முடியாது. ஜேசிபி வாளியில் கட்டித் தூக்கலாம் என்பார்கள். வாளி மண் அள்ளப் பழகியது, மில்லிமீட்டர் கணக்கில் இறங்காது, ஒரு குலுக்கலில் விரல் போகும். டிராக்டர் பின்னால் இருக்கும் கொக்கியும் அப்படித்தான்.

என்னோடு வேலை செய்த ஒரு பையனின் கால் இதில் போயிருக்க வேண்டியது. மழை விட்ட மறுநாள், மண் தரையில் முக்காலி நிறுத்தி இஞ்சின் தூக்கினோம். ஒரு கால் மெதுவாக மண்ணில் இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. முக்காலி சாய்ந்து, இஞ்சின் ஊசலாடி, சேசிஸில் மோதி சம்ப் உடைந்தது. ஒரு நொடிக்கு முன்புதான் அந்தப் பையன் போல்ட் எடுக்க அந்தப் பக்கம் குனிந்திருந்தான். அதற்குப் பிறகு முக்காலியின் மூன்று கால்களையும் அடியில் சங்கிலியால் இணைத்துக் கட்டாமல், ஒவ்வொரு காலுக்கும் தகடு போடாமல் நான் தூக்கியதே இல்லை. தொங்கும் எடைக்கு அடியில் கை, கால், தலை எதுவும் போகக் கூடாது என்பதைத் துணைக்கு வரும் உங்கள் தம்பியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் காபி கொண்டு வந்து அருகில் நிற்பதும், குழந்தைகள் வேடிக்கை பார்ப்பதும் அந்த ஒரு மணி நேரத்துக்கு வேண்டாம்.

உங்களுக்கு என் யோசனை: எடுக்க ஒரு முறை, வைக்க ஒரு முறை, இரண்டு தடவை மட்டும் ஹைட்ரா கிரேன் வாடகைக்குக் கூப்பிடுங்கள். நீங்கள் வாங்கப்போகும் செயின் பிளாக், பைப், சங்கிலி எல்லாவற்றின் விலையையும் கூட்டிப் பாருங்கள், பெரிய வித்தியாசம் வராது. அப்படியும் கையாலேயே செய்வதென்றால் இரண்டு டன் செயின் பிளாக், இரண்டு பக்கமும் கால் வைத்த இரும்பு கேன்ட்ரி. கட்டுவதற்கு இஞ்சினிலேயே முன்னும் பின்னும் தூக்கு வளையம் இருக்கிறது, அதில்தான் கட்ட வேண்டும். மேனிஃபோல்டில், டர்போவில், புல்லியில் கயிறு சுற்றுவது கூடாது. சணல் கயிறும் தேங்காய்க் கயிறும் கிட்டவே வரக் கூடாது.

எஸ்இ வண்டியில் பானட்டையும் ரேடியேட்டரையும் கழற்றினாலும் இஞ்சின் நேராக மேலே வராது. பின்பகுதி கேபினுக்கு அடியில் நுழைந்திருக்கும். முன்னால் நகர்த்தித்தான் எடுக்க வேண்டும். கேன்ட்ரியில் செய்பவர்களுக்கு ஒரு வழி உண்டு: இஞ்சினை மவுண்டிங்கிலிருந்து கொஞ்சம் தூக்கி நிறுத்தி, ஆப்பை எடுத்து, வண்டியை அங்குலம் அங்குலமாகப் பின்னால் தள்ளுவது. கப்பி நிற்கும், வண்டி நகரும். ஒவ்வொரு தள்ளலுக்கும் ஆப்பு பின்னாலேயே தொடர வேண்டும், அதற்கென்று ஒரு ஆள். ஆக, இரண்டு பேர் போதாது, குறைந்தது நான்கு பேர்.

கியர்பாக்ஸை முதலில் தனியாகப் பின்னுக்கு இழுத்து இறக்கிவிடுங்கள். அதுவே நூறு கிலோவுக்கு மேல், அதற்கும் ஜாக்கி வேண்டும். இஞ்சினைத் தனியாக எடுப்பதும் வைப்பதும் எளிது, கிளட்சையும் பார்க்கலாம். இன்னொன்று, முன்பக்கத்திலிருந்து 450 கிலோ போனவுடன் முன் பட்டை ஸ்ப்ரிங் நிமிர்ந்து சேசிஸ் மேலே எழும்பும். கழற்றும்போது அளந்து வைத்த ஜாக்கி உயரம் மாட்டும்போது சரிவராது. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

கழற்றும் வேலையைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. பேட்டரி வயரை முதலில் எடுங்கள். ஒவ்வொரு பைப்பையும் வயரையும் கழற்றும் முன் செல்போனில் படம் எடுங்கள். போல்ட்டுகளை அந்தந்த இடத்தின் பெயர் எழுதிய தனித்தனி டப்பாவில் போடுங்கள். ஒரே தடிமன், வேறு நீளமுள்ள போல்ட்டை மாற்றிப் போட்டு முறுக்கி நூல் போனவர்கள் எத்தனையோ பேர். பதினைந்து லிட்டரைச் சுற்றிப் பழைய ஆயில் வரும். களத்து ஓரத்தில் விட்டுவிடாதீர்கள், கிணற்றுக்கும் போருக்கும் போய்ச் சேரும். கேனில் பிடித்து ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள்.

புது இஞ்சின் களத்துக்கு வந்தவுடன் நேராக வண்டிக்குள் இறக்கிவிடத் தோன்றும். இரண்டு நாள் பொறுங்கள். வெளியே ஸ்டாண்டில் இருக்கும்போது செய்ய வேண்டியவை உள்ளே போன பிறகு மூன்று மடங்கு கஷ்டம். பின் ஆயில் சீல், சம்ப் பேக்கிங், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், எல்லா ரப்பர் ஹோஸும் புதிதாக மாற்றுங்கள். வால்வ் கிளியரன்ஸை இஞ்சின் ஆறிய நிலையில் வையுங்கள்: இன்லெட் 0.25, எக்ஸாஸ்ட் 0.51 மில்லிமீட்டர். ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. இந்த பி வரிசை இஞ்சின்களில் உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு: முன் கியர் கேஸில் இருக்கும் சின்ன டவல் பின் (இடம் பிடித்து நிறுத்தும் இரும்புக் குச்சி) அதிர்வில் கழன்று கியருக்குள் விழும். முன் கவரைத் திறந்து, அந்த டவல் பின் வெளியே வராதபடி தடுப்புத் தகடு வைத்து மூடிவிடுங்கள். சின்ன வேலை, ஆனால் இஞ்சின் வெளியே இருக்கும்போதுதான் நிம்மதியாகச் செய்ய முடியும்.

கிளட்ச் பிளேட்டை மாட்டும்போது பிளேட்டின் நடு ஓட்டையும் ஃப்ளைவீலில் இருக்கும் பைலட் பேரிங்கும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்துச் சரி என்று விட்டுவிடாதீர்கள். பழைய கியர்பாக்ஸ் கிளட்ச் ஷாஃப்ட் ஒன்றைப் பட்டறைகளில் இதற்கென்றே வைத்திருப்பார்கள். இரவல் வாங்கி, பிளேட் வழியாகப் பைலட் பேரிங் வரை நுழைத்து, அது உள்ளே இருக்கும்போதே பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பிளேட்டின் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று பிளேட்டிலேயே குறித்திருக்கும். பைலட் பேரிங்கையும் ரிலீஸ் பேரிங்கையும் பழையதை வைத்து ஓட்டுவது வேண்டாம், அவற்றுக்காகத் திரும்பக் கியர்பாக்ஸ் இறக்குவதை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் கியர்பாக்ஸைச் சேர்ப்பது. எல்லோருக்கும் பொறுமை போவது இந்த இடத்தில்தான், எனக்கும் போயிருக்கிறது. ஷாஃப்ட் பிளேட்டுக்குள் நுழையும், கால் அங்குலம் பாக்கி நிற்கும், அதற்கு மேல் போகாது. மாலை ஆகியிருக்கும், எல்லோருக்கும் கை வலி. அப்போது ஒருவர், நான்கு போல்ட்டை மாட்டி முறுக்கினால் தானே இழுத்துக்கொள்ளும் என்பார். ஒரு வண்டியில் நாங்கள் அப்படி முறுக்கினோம். டப்பென்று ஒரு சத்தம், பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடும் கியர்பாக்ஸின் முன் கூடு) காது போய்விட்டது. வார்ப்பு இரும்பையும் அலுமினியத்தையும் போல்ட்டால் இழுக்க முடியாது, உடைக்கத்தான் முடியும்.

கால் அங்குலம் நிற்கிறது என்றால் இரண்டில் ஒன்று: ஷாஃப்ட்டின் பல் பிளேட்டின் பல்லோடு சேரவில்லை, அல்லது கியர்பாக்ஸின் சாய்வும் இஞ்சினின் சாய்வும் ஒன்றாக இல்லை. கியர்பாக்ஸைக் கியரில் போட்டு, பின்னால் இருக்கும் ஃப்ளேஞ்சைக் கையால் மெதுவாகச் சுற்றினால் பல் சேரும். சாய்வுக்கு, பெல் ஹவுசிங்குக்கும் ஃப்ளைவீல் ஹவுசிங்குக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மேலே, கீழே, இடது, வலது நான்கு இடத்திலும் அளந்து பாருங்கள். நான்கும் சமமாக வரும்வரை ஜாக்கியை ஏற்றி இறக்குங்கள். சமமானால் கையால் தள்ளினாலே வரும். இரண்டு நீள போல்ட்டின் தலையை அறுத்துவிட்டு வழிகாட்டிக் கம்பியாக மேல் ஓட்டைகளில் மாட்டி வைத்தால் பாதி வேலை குறையும். கியர்பாக்ஸை அரைகுறையாக நுழைத்து, ஷாஃப்ட்டின் மேல் தொங்கவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும், வண்டி ஓடும்போது கிளட்ச் விடாமல் இழுக்கும். இந்த ஒரு நாளுக்கு மட்டும் அனுபவமுள்ள ஃபிட்டர் ஒருவரைத் தினக்கூலிக்குக் கூப்பிடுங்கள் என்று மனதாரச் சொல்கிறேன். மற்ற எல்லாவற்றையும் நீங்களே செய்யலாம்.

எல்லாம் மாட்டியாகிவிட்டது என்றால் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். புது ஆயில், புது ஃபில்டர். ஃபில்டரில் சுத்தமான ஆயிலை நிரப்பி மாட்டுங்கள். டர்போவின் ஆயில் பைப்பைக் கழற்றிக் கொஞ்சம் ஆயில் விட்டுத் திரும்ப மாட்டுங்கள். டீசல் நிறுத்தும் லிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இஞ்சின் பிடிக்காதபடி செல்ஃப் மட்டும் அடியுங்கள். ஒரு முறைக்கு 30 நொடிக்கு மேல் வேண்டாம், நடுவில் 2 நிமிடம் செல்ஃப் மோட்டார் ஆறட்டும். டேஷ்போர்டில் ஆயில் அழுத்தம் காட்டும் கேஜில் முள் எழும்பும்வரை இதையே செய்யுங்கள். முள் எழும்பாவிட்டால் இஞ்சினைப் பிடிக்க விடக் கூடாது, காரணம் தேட வேண்டும். பிறகு டீசலில் காற்று எடுங்கள்: ஃபில்டர் தலையில் உள்ள போல்ட்டைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கை லிவரை அடித்து, குமிழ் இல்லாமல் டீசல் வரும்போது இறுக்குங்கள். அப்புறம் நாசில் பைப் நட்டுகளைத் தளர்த்தி செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். பீறிடும் டீசலில் கையை வைக்காதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலுக்குள் இறங்கும், அது ஆஸ்பத்திரி விஷயம்.

ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடுங்கள், முறுக்காதீர்கள். ஒருவர் ஆயில் கேஜைப் பார்க்கட்டும், ஒருவர் அடியில் ஒழுகல் பார்க்கட்டும், நிறுத்தும் லிவருக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றே ஆக வேண்டும். ஆக்சிலேட்டர் கேபிள் மாட்டியதில் பிழை இருந்து இஞ்சின் தானே ஏறினால் உடனே அணைக்கும் ஆள் அவர். அதிலும் நிற்காவிட்டால் காற்று போகும் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும், கையால் அல்ல. பலகையைத் தயாராக வைத்திருங்கள். கூலண்ட் இறங்கும், மறுபடி நிரப்ப வேண்டியிருக்கும். ஏர் டேங்க் நிறைந்து பிரேக் பிடிக்கிறது என்று உறுதியாகும்வரை வண்டியை ஆப்பிலிருந்து விடாதீர்கள்.

இதையெல்லாம் சொன்னது பழைய மெக்கானிக்கல் பம்ப் வைத்த இஞ்சினுக்கு. 2017 ஏப்ரலில் நாடு முழுக்க வந்த பிஎஸ் 4, 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ் 6 (புகை அளவுக் கட்டுப்பாட்டு விதிகள்) வண்டி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டுக் களத்தில் இறங்க வேண்டாம். காமன் ரெயில், சென்சார், வயரிங், யூரியா டேங்க் என்று அது வேறு உலகம். கம்ப்யூட்டர் இல்லாமல் அந்த இஞ்சினைச் சரியாக உயிர்ப்பிக்க முடியாது.

ஆர்டிஓவில் எண் ஏறிய பிறகு முதலில் காலி வண்டியாகக் காங்கேயம் வரை போய் வாருங்கள். திரும்பி வந்ததும் ஆறவிட்டு, மவுண்டிங், பெல் ஹவுசிங், ஜாயிண்ட் போல்ட்டுகளையும் ஹோஸ் கிளிப்புகளையும் மறுபடி ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். பிறகு அரை லோடு கொப்பரையில் சில நாள். 500 கிலோமீட்டர் ஆனதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்துத் தாளை விரித்து வெயிலில் பாருங்கள். மின்னும் துகள் இல்லையென்றால் முழு லோடு ஏற்றலாம்.